ஐஸ் ஹவுஸ் வீட்டு அக்கா: சகோதரி சுப்புலட்சுமி அம்மாவின் வாழ்க்கை

மலருக்கு ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதிக் கொடுக்கணும்னு செயற்குழுவில் முடிவானதும், ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். வேலு நாச்சியார், ஔவையார், அன்னை தெரசா. இவங்களைப் பற்றியெல்லாம் நம் பிள்ளைகளோட பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சகோதரி சுப்புலட்சுமி அம்மாவை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் நம்ம தீர்மானப் புத்தகம்தான்.

ஜூன், ஜூலை மாதத் தீர்மானங்களைப் புரட்டிப் பாருங்க. உள்கடன் கேட்கிறவர்களில் பல பேர் எழுதியிருக்கிற காரணம் காலேஜ் ஃபீஸ். பிள்ளையைச் சேர்க்கிற அன்றைக்குக் குழுவே கூடி இனிப்பு சாப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை மூன்றாம் வருஷம் பரீட்சை எழுதினாளா, அரியர் முடித்தாளா, பட்டம் கைக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் நின்றுபோன பிள்ளைகள் நம்ம கூட்டமைப்பிலேயே உண்டு. நின்றதற்கு மூளை காரணமில்லை. பஸ் இல்லை, தங்க இடமில்லை, மாப்பிள்ளை வந்துவிட்டான், வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டார், இப்படித்தான் இருக்கும்.

ஒரு பொண்ணு பட்டப்படிப்பை முடிக்க என்னவெல்லாம் வேணும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கையால் செய்து காட்டினவர் சுப்புலட்சுமி அம்மா. பேச்சு, எழுத்து என்று நிற்காமல் அடுப்பு மூட்டி, பாய் விரித்து, வண்டி ஏற்பாடு செய்து காட்டினவர்.

அவர் பிறந்தது 1886ஆம் வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி, சென்னை மயிலாப்பூரில். அப்பா சுப்பிரமணிய ஐயர் அரசாங்க உத்தியோகஸ்தர். அம்மா விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர். வீட்டுக்கு மூத்த பொண்ணு. சின்ன வயசிலேயே படிப்பில் கெட்டி. ஒன்பது வயசில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவில் முதலாவதாக வந்தார். இப்படி ஒரு பிள்ளை இன்றைக்கு நம் ஊரில் இருந்தால் கலெக்டர் கையால் பரிசு வாங்கியிருக்கும். அந்தக் காலத்து வழக்கப்படி சுப்புலட்சுமிக்கு நடந்தது கல்யாணம். வயசு பதினொன்று.

கல்யாணம் நடந்த கொஞ்ச காலத்திலேயே புருஷன் இறந்துபோனார். கூடி வாழவே இல்லை. புருஷன் என்றால் என்ன என்று தெரியாத வயசில் விதவை.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் விதவைக்கு என்ன கதி என்று நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். தலையை மழிப்பார்கள். பூ இல்லை, பொட்டு இல்லை, வளையல் இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் முகம் காட்டக் கூடாது. யாராவது வெளியே கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால் திட்டு. சமையல்கட்டும் கொல்லைப்புறமும்தான் உலகம். அறுபது வயசு அம்மாவுக்கும் அதே சட்டம், ஆறு வயசுக் குழந்தைக்கும் அதே சட்டம்.

இந்த இடத்தில்தான் அவங்க அப்பா அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியிருக்கு. மகளுக்குத் தலை மழிக்க அவங்க ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. படிக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். உறவுக்காரர்கள் விட்டுவிடுவார்களா? சாதியை விட்டுத் தள்ளி வைப்போம் என்கிற மிரட்டல் வரைக்கும் போனது. இன்றைக்கும் பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு என்று பந்தியில் உட்கார்ந்து பேசுகிற மாமா, சித்தப்பாக்கள் இல்லாமல் போய்விடவில்லை. அவங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மா யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு முன்னால் இப்படி ஒரு அம்மா அப்பா இருந்தாங்க என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அப்பாவே வீட்டில் உட்கார வைத்து இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கன்னியாஸ்திரிகள் நடத்தின பிரசன்டேஷன் கான்வென்டில் படிப்பு. குடும்பம் இல்லாமல், சம்பளம் பெரிதாக நினைக்காமல், அடுத்தவர் பிள்ளைகளுக்காகவே வாழ்கிற அந்தக் கன்னியாஸ்திரிகள் சுப்புலட்சுமி மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டார்கள். தன் மதத்தை அவர் விடவில்லை, கடைசி வரைக்கும் பக்தியுள்ள இந்துவாகத்தான் இருந்தார். ஆனால் வாழ்ந்தது அந்த மாதிரி வாழ்க்கை. சிஸ்டர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. சென்னையில் பழைய ஆட்களிடம் சிஸ்டர் சுப்புலட்சுமி என்று சொன்னால்தான் தெரியும். நாம் தமிழில் சகோதரி என்கிறோம்.

வீட்டில் இன்னொருத்தரும் இருந்தார். அம்மாவோட தங்கை, சுப்புலட்சுமிக்குச் சித்தி. அவரும் விதவை. அந்தச் சித்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவரில்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது.

மெட்ரிகுலேஷன் முடிந்தது. அப்போதெல்லாம் பிளஸ் டூ கிடையாது. மெட்ரிக்குக்குப் பிறகு இரண்டு வருஷம் எஃப்.ஏ., அதற்கப்புறம் இரண்டு வருஷம் பி.ஏ. பெண்களுக்கென்று தனிக் கல்லூரி சென்னையில் அன்றைக்கு இல்லை. பி.ஏ. படிக்க வேணும்னா கடற்கரை ஓரம் இருக்கிற பிரசிடென்சி கல்லூரி, நம்ம வாயில் மாநிலக் கல்லூரி. அது ஆம்பளைப் பிள்ளைகள் நிறைந்த இடம். அங்கே ஒரு பிராமண இளம் விதவை புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார் என்றால், அந்தத் தெருவும் அந்தச் சாதியும் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. பாடம் கஷ்டமா, பார்வை கஷ்டமா என்று கேட்டால் பார்வைதான் என்று நினைக்கிறேன்.

1911ஆம் வருஷம் பி.ஏ. முதல் வகுப்பில் தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். வயசு இருபத்து நாலு. பதினொரு வயசில் வாழ்க்கை முடிந்தது என்று ஊர் எழுதி வைத்ததற்கும் இந்தப் பட்டத்துக்கும் நடுவில் பதின்மூன்று வருஷம்.

பட்டமளிப்பு என்பது அப்போது எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லணும். இன்றைக்கு ஒவ்வொரு காலேஜிலும் பந்தல் போட்டுப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். சில சமயம் படிப்பு முடிந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துத்தான் தேதி வருகிறது. பொண்ணு கையில் குழந்தையோடு வந்து கறுப்பு அங்கி போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கியை வாடகைக்கு வைத்திருக்கிற ஸ்டூடியோக்களும் இருக்கு, விழாவுக்குப் போக முடியாதவங்க அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். அதிலொன்றும் தப்பில்லை. அந்த போட்டோவுக்குச் சுவரில் ஆணி அடிக்கிற அம்மாவோட முகத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும் அதன் விலை. அன்றைக்கு மாகாணம் முழுக்க, அதாவது ஒரிசா பக்கத்துக் கஞ்சாமில் இருந்து மலபார், திருநெல்வேலி வரைக்கும், எல்லாக் கல்லூரிகளும் 1857இல் தொடங்கின சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். வேந்தர் கவர்னர். கடற்கரைச் சாலையில் சிவப்பும் வண்ணமுமாக நிற்கிறதே செனட் ஹவுஸ், அதுதான் பல்கலைக்கழகத்தோட பெரிய மண்டபம். அங்கி போட்டு, தோளில் பட்டை போட்டு, பட்டத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்வோம் என்று உறுதி கொடுத்துப் பட்டம் வாங்குவது அந்தக் கால வழக்கம். வரிசை வரிசையாக ஆண்கள். பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பட்டம் வாங்கின கையோடு நல்ல சம்பளத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போய், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாக வாழ்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும், தான் கரையேறினதற்குக் காரணம் தன் மூளை மட்டும் இல்லை. ஒரு அப்பா இருந்தார், ஒரு அம்மா இருந்தார், ஒரு சித்தி இருந்தார், சென்னையில் ஒரு வீடு இருந்தது. இதெல்லாம் இல்லாத பெண் குழந்தைகள் மொட்டைத் தலையோடு எத்தனை அக்கிரகாரங்களில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருக்கிறார்கள்? அந்த வீட்டை அவங்களுக்கும் கொடுத்தால் என்ன என்று நினைத்தார்.

எழும்பூரில் அப்பாவோட வீட்டில் நாலு பெண்களோடு விதவைகள் இல்லம் தொடங்கியது. பெரிய திறப்பு விழா இல்லை, பலகை இல்லை. நாலே நாலு குழந்தை விதவைகள். நம்ம குழுக்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு திண்ணையில் தொடங்கின மாதிரிதான். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தையும் ஆரம்பித்தார். வீட்டுப் பெண்கள் ஒன்றாகக் கூடி, பேசி, இந்தக் காரியத்துக்குத் துணை நிற்க ஒரு சங்கம். சங்கம், சந்தா, கூட்டம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அரசாங்கத்தில் பெண் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி பெரிய உதவி. அரசாங்கத்துக்கு ஒரு தேவை இருந்தது. பெண் பள்ளிகள் திறந்தால் சொல்லிக்கொடுக்க வாத்தியாரம்மா கிடைக்கவில்லை. கல்யாணம் ஆன பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், கல்யாணம் ஆகாத பெண் என்று ஒருத்தியும் வயசுக்கு வந்த பிறகு வீட்டில் இருக்க மாட்டாள். மிச்சம் இருப்பது விதவைகள். விதவைக்கு ஒரு வாழ்வு வேணும், பள்ளிக்கு ஒரு வாத்தியாரம்மா வேணும். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டார் சுப்புலட்சுமி. அதனால்தான் படிக்கிற பெண்களுக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. இரக்கப்பட்டுக் கொடுத்ததாக மட்டும் இருந்திருந்தால் இரண்டு வருஷத்தில் நின்றிருக்கும். திட்டம் கேட்டு ஆபீசுக்குப் போகிற நம்ம கூட்டமைப்புப் பிரதிநிதிகள் இதைக் கவனிக்கலாம். நமக்கு என்ன வேணும் என்பதோடு, அவங்களுக்கு என்ன வேணும் என்பதையும் தெரிந்துகொண்டு போனவர் அந்த அம்மா.

இப்போது சித்தி. பெண்களைப் பெற்றவர்கள் எதற்குப் பயந்தார்கள்? படிப்புக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆசாரம் கெட்டுவிடும், யார் சமைத்ததோ சாப்பிடுவாள், யாரோடோ பழகுவாள், பெயர் கெட்டுப்போகும் என்றுதான் பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சித்திதான். மடிசார் கட்டி, விரதம் இருந்து, ஆசாரமாக வாழ்ந்த ஒரு விதவை அம்மாள் அடுப்படியில் நிற்கிறாள் என்றால் எந்தத் தகப்பன் வாய் திறப்பான்? பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்து, அழுகிற குழந்தையைத் தட்டிக் கொடுத்து, சித்தி இருந்ததால்தான் சுப்புலட்சுமி வெளியே போய் அதிகாரிகளைப் பார்க்க முடிந்தது. சுப்புலட்சுமிக்கு மெடல் கிடைத்தது. சித்திக்கு என்ன கிடைத்தது? ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இப்படி ஒரு சித்தி இருந்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வராது என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் சீர்திருத்தத்தைக் கட்டாயம் ஆக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தலை மழித்து வந்த பெண் மழித்தபடியே இருக்கலாம். முடி வளர்க்க ஆசைப்பட்டால் வளர்க்கலாம். ஆந்திரப் பக்கம் வீரேசலிங்கம் பந்துலு விதவைகளுக்கு மறுமணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார். பூனாவில் கார்வே 1896இலேயே விதவைகளுக்கு இல்லம் வைத்தார். சுப்புலட்சுமி அம்மா மறுமணத்தை முன்னால் வைக்கவில்லை. படிப்பு, அதன் பிறகு சொந்தச் சம்பளம். அது கையில் வந்துவிட்டால் மற்றதை அவளே முடிவு செய்துகொள்வாள் என்ற எண்ணம். இது பயந்த வழி என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் மறுமணத்தைப் பற்றிப் பேசியிருந்தால் முதல் நாலு பெண்களே வந்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் கூடிக்கொண்டே போனார்கள், இடம் போதவில்லை. வீடு மாறி, கடைசியில் வந்து சேர்ந்த இடம்தான் வேடிக்கை. திருவல்லிக்கேணி கடற்கரையில் வட்டமாக ஒரு பெரிய கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்து விற்பதற்குக் கட்டினது. ஐஸ் உள்ளூரிலேயே தயாராக ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினது அங்கேதான். அந்த ஐஸ் ஹவுஸ் விதவைகள் இல்லமானது. 1917இல் அரசாங்கமே கட்டடத்தை வாங்கிக்கொண்டது. ஊரில் விதவைகள் வீடு என்று ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு. அந்த வீட்டு மாடியில் கடல் காற்று வாங்கிக்கொண்டு, காலையில் எதிரே வந்தால் அபசகுனம் என்று விரட்டப்பட்ட பெண்கள் பூகோளமும் கணக்கும் படித்தார்கள்.

1914இல் சென்னையில் பெண்களுக்கென்று முதல் கல்லூரி திறந்தது. இன்றைக்கு ராணி மேரி கல்லூரி. அதே கடற்கரைச் சாலையில், ஐஸ் ஹவுசுக்குத் தெற்கே நடந்து போகிற தூரம். ஐஸ் ஹவுஸ் பெண்கள் அங்கே போய்ப் படித்தார்கள். ஹாஸ்டல் இல்லாத ஊரில் காலேஜ் திறந்தால் அது பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குத்தான். தங்க ஒரு இடம் பக்கத்தில் இருந்ததால்தான் கும்பகோணத்துப் பெண்ணும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் அந்த வகுப்பில் உட்கார முடிந்தது.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அதோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளியும் தொடங்கின. முதல் முதல்வர் சுப்புலட்சுமி அம்மாதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையில் வந்த பெண் கீழ் வகுப்பில் தொடங்கி, மேலே போய், ஆசிரியர் பயிற்சி முடித்து, சம்பளத்தோடு வெளியே போகிற மாதிரி ஒரே வளாகத்தில் ஏணி. நடுவில் எந்தப் படியும் இல்லாமல் போகவில்லை. நம்ம பிள்ளைகள் விழுவது படி இல்லாத இடத்தில்தான். பன்னிரண்டாவது தமிழில் படித்துவிட்டு காலேஜில் முதல் நாளே இங்கிலீஷ் பாடம் என்றால் மூன்று மாதத்தில் துணிக்கடை வேலைக்குப் போய்விடுகிறாள்.

இனிமேல் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மலரில் நல்லதை மட்டும் எழுதுங்க அக்கா என்றும் சொன்னார்கள். ஆனால் நம்ம கூட்டமைப்பில் எல்லாச் சாதியும் இருக்கிறோம். அதனால் சொல்லாமல் விட முடியாது. எழும்பூரில் தொடங்கி ஐஸ் ஹவுஸ் வரைக்கும் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்ற சாதிப் பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. அரசாங்கப் பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் ஹாஸ்டலா என்று அந்தக் காலத்திலேயே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. மற்றவர்களோடு சேர்த்து வைத்தால் பெற்றவர்கள் அனுப்ப மாட்டார்கள் என்பது அன்றைய பதில். அந்தப் பதிலில் உண்மை இருக்கு, அதற்காக அது நியாயம் ஆகிவிடாது. என் பாட்டி அந்த வாசலுக்குப் போயிருந்தால் திரும்பித்தான் வந்திருப்பாள். நான் அந்த அம்மாவை மதிப்பது இதைத் தெரிந்துகொண்டேதான்.

பின்னால் அவர் தொடங்கின காரியங்கள் அந்தச் சுவரைத் தாண்டின. ஐஸ் ஹவுஸ் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். சாரதா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார், அது பிறகு ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்குப் போய் இன்றும் சென்னை தியாகராய நகரில் நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயசான பெண்கள் படிக்க ஸ்ரீவித்யா கலாநிலையம். பிள்ளை பெற்று, பேரன் எடுத்த பெண்களும் பாதியில் விட்ட படிப்பை அங்கே முடிக்கலாம். மயிலாப்பூர் மகளிர் மன்றத்துக்குத் தலைவியாக இருந்தபோது அந்த மன்றத்தின் பள்ளி 1956இல் வித்யா மந்திர் என்று பெயர் பெற்றது. 1954இல் தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சமூக நல மையம் அமையக் கை கொடுத்தார். அறுபத்தெட்டு வயசில் கிராமத்து மண் சாலையில் போய் வேலை பார்த்திருக்கிறார்.

குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் வேணும் என்ற போராட்டத்திலும் அவர் குரல் உண்டு. அரசாங்க வேலையில் இருந்ததால் இந்திய மாதர் சங்கத்தில் வெளிப்படையாகச் சேர அனுமதி இல்லை. ஆனாலும் சம்மத வயது பற்றி விசாரிக்க வந்த ஜோஷி கமிட்டி முன்னால் போய்ப் பேசினார். பதினொரு வயசில் தாலி கட்டிக்கொண்டவர் பேசுவதற்கும் மற்றவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். 1929இல் சாரதா சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினாலு வயசு என்று வைத்தார்கள். இப்போது பதினெட்டு. பதினெட்டு ஆனதும் அடுத்த வாரமே முகூர்த்தம் வைக்கிறோமே, காலேஜ் இரண்டாம் வருஷத்தில், அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

1920இல் பிரிட்டிஷ் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையில் நியமன உறுப்பினர். 1958இல் பத்மஸ்ரீ. மெடல்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இன்றைக்கு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் காலேஜில் சேர்ந்தால், படிப்பு முடிகிற வரைக்கும் மாதம் 1000 ரூபாய் அவள் பேங்க் கணக்குக்கு வருகிறது. புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கினது. முன்னால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துக்கொண்டிருந்த திட்டத்தைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். மாற்றின அன்றைக்கு நம்ம கூட்டத்திலேயே சிலர் முணுமுணுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு, தங்கம் போச்சே என்று. அந்த ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிறது, ஃபீஸ் கட்டினது போக நடுவில் வருகிற சின்னச் சின்னச் செலவுதான் பிள்ளைகளை நிறுத்துகிறது என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் காலேஜ் போகிற பெண் இருந்து இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், அவளுடைய காலேஜ் அலுவலகத்திலேயே கேளுங்கள். ஆதார் இணைத்த கணக்கு அவள் பெயரிலேயே இருக்கணும், அப்பா பெயரில் இருந்தால் ஆகாது.

சுப்புலட்சுமி அம்மா 1969 டிசம்பர் 20ஆம் தேதி காலமானார். அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. எண்பத்து மூன்று வயசு. அவர் வளர்த்த பெண்களில் எத்தனை பேர் வாத்தியாரம்மா ஆனார்கள், அவங்ககிட்டே எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கணக்கு வைத்து முடியாது. மாகாணத்தில் பல ஊர்ப் பெண்கள் பள்ளிகளில் கரும்பலகை முன்னால் நின்றது ஐஸ் ஹவுஸ் பெண்கள்தான்.

நம்ம ஆட்கள் நவராத்திரிக் கண்காட்சிக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்துக்குப் போகிறோம், வருகிறோம். போனால் ஒரு சாயங்காலம் மெரினாவுக்கும் போவோம், சுண்டல் வாங்கித் தின்போம், காலை நனைத்துக்கொண்டு திரும்பி விடுவோம். அடுத்த தடவை ரோட்டின் இந்தப் பக்கமும் பாருங்க. வடக்கே இருந்து வந்தால் முதலில் செனட் ஹவுஸ், பிறகு அவர் படித்த மாநிலக் கல்லூரி, அதைத் தாண்டினால் அவர் முதல்வராக இருந்த வெலிங்டன் கல்லூரி, அதை ஒட்டி ஐஸ் ஹவுஸ், இன்னும் தெற்கே ராணி மேரி. ஐஸ் ஹவுசுக்கு இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர், உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் பஸ்ஸில் ஏறி ஐஸ் ஹவுஸ் ஒன்று கொடுங்க என்றாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்.